எடுத்து வைக்காத மருந்து

எங்கள் வீட்டில் நல்லதைப் பின்னுக்கு வைப்பது பழக்கம். மீன் துண்டு தட்டின் ஓரத்தில் இருக்கும். சோறு முழுவதையும் குழம்போடு பிசைந்து தின்று முடித்த பிறகு கடைசி வாயில்தான் அது. பூப்போட்ட புதுத் துண்டு விருந்தாளிக்கு. வாசனை சோப்பு கிறிஸ்துமஸுக்கு. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் என் அம்மாவும் அப்பாவும். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத வீட்டில் எதையும் இன்றைக்கே தீர்த்துவிட மாட்டார்கள். நானும் என் தம்பியும் அப்படியே வளர்ந்தோம். பிறகு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் தட்டச்சராகச் சேர்ந்தேன். தம்பி இன்னொரு கம்பெனியில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். எனக்குத் திருமணம் ஆகவில்லை. மேனாம்பேட்டில் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கரையான்சாவடிக்காரி. அவளுடைய அப்பா மெயின் ரோட்டில் பூக்கடை வைத்திருந்தார். பூக்கடைக்காரர் வீட்டு வழக்கம் வேறு. காலையில் வாங்கிய பூ மாலைக்குள் போய்விட வேண்டும்; நாளைக்கு என்று வைத்தால் குப்பை. வந்த புதிதில் அவள் மீன் துண்டை முதல் வாயிலேயே எடுத்துத் தின்றாள். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னா அண்ணி, அப்டி பாக்குறீங்க?" என்றாள். "சூடா கீறப்ப துன்னாத்தானே மீனு."

அவள் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் நான் என் துண்டைக் கடைசியாகத்தான் தின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர்களுடைய ஒரே மகளுக்கு நோய் வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நாட்குறிப்பில் தினமும் எழுதினேன். ஆனால் அவை மருந்தின் பெயர், போன ரயில், பார்த்த டாக்டர் என்று துண்டு துண்டாக இருக்கின்றன. தம்பி மனைவி செய்ததை ஓரிடத்தில் முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

குழந்தை அப்போது நான்காம் வகுப்பு. வாயாடி. தெருவில் கயிறு தாண்டுவதில் அவளுக்கு இணை இல்லை. வலது முட்டிக்கு மேலே வலிக்கிறது என்றபோது, தாண்டும்போது பிசகியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்தோம். வீக்கம் குறையவில்லை என்று புத்தூர் கட்டு போட்டோம். கட்டுக்கு மேலேயும் வீங்கியது. கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்து, எலும்பில் புற்றுநோய் என்றார்கள். தம்பி அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்றான். 'கட்டி' என்றே பேசினோம்.

பெரிய டாக்டர் வைத்தியம் எப்படி நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முதலில் சில மாதம் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். பிறகு காலை எடுக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு மறுபடியும் மருந்து. எல்லாம் சொல்லிவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "வராந்தா முடிவுல ஒரு ரூம் இருக்கு. வலிக்கு அவங்கதான் பாப்பாங்க. இன்னைக்கே போயிட்டு வந்துடுங்க."

அந்த அறையைப் பற்றி எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக்காகக் காத்திருந்த நாட்களில் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு தகப்பனார்தான் சொன்னார். அந்த அறையை ஒட்டி ஒரு படிக்கட்டு உண்டு. கீழே டீக்கடைக்குப் போக அதுதான் சுருக்கு வழி. ஆனால் குழந்தையைக் கூட்டிவந்தவர்கள் யாரும் அதில் இறங்க மாட்டார்கள்; வராந்தாவின் மறு கோடிக்குப் போய்ச் சுற்றித்தான் இறங்குவார்கள். அந்தக் கதவைத் தாண்டுவதே ஆகாது என்று நினைத்தார்கள்.

தம்பி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவின் நடுவில் நின்றுவிட்டான்.

"அக்கா, அங்க வோணாம். அது முடிஞ்சுபோன கேசுங்க போற எடம். நம்ம புள்ளைக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாய் திறக்குமுன் தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். "முடிஞ்சுதா இல்லியான்னு அப்பால பாத்துக்கலாம். புள்ளைக்கு இப்ப வலிக்குது," என்று திரும்பாமலே சொன்னாள்.

அறையில் ஒரு பெண் டாக்டரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். டாக்டர் எங்களிடம் பேசுவதற்கு முன் குழந்தையிடம் பேசினார். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, படுத்தால் அதிகமா, நடந்தால் அதிகமா என்று கேட்டார். நர்ஸ் ஒரு அட்டையைக் காட்டினார். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாகப் பேனாவால் வரைந்திருந்தது. உன் வலி எந்த முகம் என்று கேட்டார். குழந்தை அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுங்களுக்கு ஏன் காது இல்ல?"

நர்ஸ் அட்டையை வாங்கி எல்லா முகத்துக்கும் காது வரைந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் குழந்தை அழும் முகத்துக்கு முந்தைய முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "கட்டிக்கு அவங்க வைத்தியம் பண்ணுவாங்க. வலி, வாந்தி, தூக்கம் இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். ரெண்டும் இன்னையிலேர்ந்து ஒண்ணா நடக்கும்."

"அப்ப நீங்க கையை உட்டுட்டீங்களா டாக்டர்?" என்று தம்பி கேட்டான்.

"அப்படி இருந்தா நேராவே சொல்லுவேங்க. இப்ப அப்படி இல்ல."

மார்ஃபின் என்ற திரவ மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் ஒரு மருந்து. முதல் சில நாட்கள் தூக்கமாக இருப்பாள், பிறகு தெளிந்துவிடுவாள் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் நான் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அந்தப் பாட்டிலை இரும்பு அலமாரியின் மேல் தட்டில், பூப்போட்ட துண்டுக்கும் வாசனை சோப்புக்கும் பக்கத்தில் வைத்துப் பூட்டினான்.

"ரொம்ப வலிச்சா குடுக்கலாம். இப்பவே குடுத்துட்டா அப்பால இன்னாத்த குடுக்கிறது?" என்றான்.

மனைவி எதிர்த்துப் பேசினாள். அவன் கேட்கவில்லை. கடைசிக்கு என்று கொடுக்கும் மருந்து அது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பாட்டில் நிறைந்திருக்கும் வரை மகள் நன்றாக இருக்கிறாள் என்று அவன் நம்பினான். வேலைக்குப் போகும்போது சாவியை, அந்த மாதங்களில் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்த என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். குழந்தை அழுதால் மட்டும் திறக்கச் சொல்லி உத்தரவு.

இரண்டு மூன்று முறை அழுதாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் தம்பியின் முகம் போன போக்கை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். மருந்து ஏற்றிய நாட்கள் போக மற்ற நாட்களில் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "இல்ல நைனா" என்பாள். பேச்சு குறைந்துவிட்டது. வகுப்பில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். வைத்தியத்தின் களைப்பு என்று தம்பி சொன்னான். நானும் அப்படியே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தம்பி வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. சைக்கிள் செயின், தையல் மிஷின், கதவுக் கீல், கிணற்று உருளை என்று மூக்கு நீண்ட எண்ணெய்க் கேனோடு வீட்டைச் சுற்றிவருவான். தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்து, குழந்தையின் பையிலிருந்து எடுத்த பென்சில்களை அவன் முன்னால் தரையில் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தாள்.

"இன்னாது இது?"

"உன் பொண்ணு பென்சிலு."

அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "கடிச்சு வெச்சிருக்குது. அந்தப் பழக்கத்த உடச் சொல்லு."

"கடிக்கிற பழக்கம் இருந்தா பின்னாடி முனையக் கடிப்பா. இது குறுக்கால கீது பாரு. வாய்க்குள்ள குறுக்க வெச்சு அழுத்திகினு இருந்திருக்கா. கத்தக் கூடாதுன்னு."

தம்பி பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் வண்ணம் போய்க் கட்டை தெரிந்தது. பற்கள் பதிந்த குழிகள் இரண்டு பக்கமும் இருந்தன.

"சைக்கிளு சத்தம் போட்டுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"எப்ப?"

"இப்ப. இன்னிக்கு. சத்தம் போட்டுச்சா?"

"இல்லியே."

"அப்ப எதுக்கு எண்ணெ உட்டுகினு கீறே?"

"சத்தம் போடக் கூடாதுன்னுதான் உடறது. சத்தம் வந்தப்பறம் உட்டா இன்னா பிரயோஜனம்? அதுக்குள்ள உள்ள தேஞ்சு போயிருக்கும்..."

எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தான்.

"கம்பெனி மிஷினுக்கு ஒரு நாயம், எம்பொண்ணுக்கு ஒரு நாயமாய்யா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. குழந்தை உள்ளே படுத்திருந்தாள். "கத்துனாத்தான் குடுப்பேன்னு சொல்றே. அவ கத்த மாட்டா. உன் பொண்ணு அவ. பென்சில் தீந்துபோனா வேற எதையாச்சும் கடிச்சுகினு கெடப்பா."

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அலமாரிக்குத் திரும்பிப்போய் அந்த வாசனை சோப்பையும் பூப்போட்ட துண்டையும் எடுத்து வந்து, அன்றைக்கே குழந்தையைக் குளிப்பாட்டினாள். வீடு முழுவதும் கிறிஸ்துமஸ் மணம் அடித்தது.

நேரம் தவறாமல் கொடுக்க அவள் கண்டுபிடித்த முறை தொழிற்பேட்டை சைரன். ஷிப்ட் மாறும்போது காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று மூன்று வேளையும் ஊதும். எங்கள் தெருவில் சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் அதுதான் கடிகாரம். அந்த மூன்று வேளையும் மருந்து; நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க, டாக்டர் சொன்னபடி ராத்திரி சைரனுக்கு மட்டும் இரட்டை அளவு. இடையில் மாலைக்குக் கோயில் மணி. பள்ளி நாட்களில் காலை இடைவேளைக்கும் மதிய சைரனுக்கும் வகுப்பு டீச்சரிடம் சிரிஞ்சில் அளந்து மூடிக் கொடுத்தனுப்பினாள். டீச்சர் முதலில் பயந்தார். தம்பி மனைவி அவரை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போய் அந்த அறையில் உட்காரவைத்தாள். திரும்பி வரும்போது டீச்சர் சுருக்குப் படிக்கட்டில் இறங்கி எங்களோடு டீ குடித்தார்.

சொன்னபடியே குழந்தை முதல் நாட்களில் தூங்கி வழிந்தாள். தம்பி வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு காலையில் சைரன் ஊதியபோது அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நைனா, சைரன் ஊதிருச்சு. டியூட்டிக்கு லேட்டாவுது பாரு. எனக்கு எண்ணெ உட்டுட்டு கெளம்பு."

ஞாயிற்றுக்கிழமை பேச்சு முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள். தம்பி சிரித்தான். சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

அன்றிலிருந்து அந்த மருந்துக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் என்றே பெயர். வாயாடித்தனம் திரும்பி வந்தது. வகுப்பில் பேசியதற்காக அவளை எழுப்பி நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது தம்பி மனைவிக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

தெரு அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. "போதை மருந்து குடுத்து வெச்சுகினு கீறாங்களாமே" என்றார்கள். "பழகிப்போச்சுன்னா அப்பறம் அது இல்லாம இருக்க முடியாது" என்று மருந்துக்கடைக்காரரே சொன்னார். எதிர்வீட்டுப் பெரியம்மா நேரில் வந்து, "ஆஸ்பத்திரில கணக்க முடிச்சுட்டாங்களா? எங்கிட்டயாச்சும் சொல்லு" என்று கேட்டார். தம்பி மனைவி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்தா அவளயே கேளு."

கால் எடுக்கும் நாள் நெருங்கியபோது அவள் இன்னொரு காரியம் செய்தாள். பங்குச் சாமியாரிடம் போய், மகளுக்கு நோயில்பூசுதல் கொடுக்க வீட்டுக்கு வரச் சொன்னாள். சாமியார் நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் மந்திரித்த எண்ணெய் பூசி ஜெபிப்பதுதான் அது. நோயுற்ற யாருக்கும் தரலாம் என்று கோயிலில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்னும் அவஸ்தைப் பூசுதல் என்றுதான் சொல்வார்கள். தொண்டையில் மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் எண்ணெயோடு ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று தெருவுக்குத் தெரியும்.

அன்று மாலை சாமியார் ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தி, பையிலிருந்து சடங்குக்குப் போடும் தோள்துகிலை எடுத்து முத்தமிட்டு அணிந்துகொண்டு உள்ளே வந்தார். குழந்தை பாயில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். நாங்கள் மூன்று பேரும் முழங்காலிட்டோம். ஜெபம் பாதியில் இருக்கும்போதே வெளியே விசும்பல் கேட்க ஆரம்பித்தது.

முடிந்து நாங்கள் எட்டிப் பார்த்தபோது தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தார். முனையில் நாற்காலி, டியூப்லைட் வாடகைக்கு விடுபவர் தன்னுடைய மூன்று சக்கர வண்டியோடு வந்து நின்றிருந்தார். அவர் தம்பியைத் தனியாக ஒதுக்கி, மெல்லிய குரலில், "அண்ணாத்தே, எத்தினி சேரு போடறது? பந்தலும் வோணுமா?" என்று கேட்டார்.

தம்பி பதில் சொல்வதற்குள் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் மிச்சப் போண்டா. எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள்.

"இன்னா பெரீம்மா, தலைய விரிச்சுப் போட்டுகினு கீறே? பேன் பாக்கணுமா?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அதோடு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. பெரியம்மா அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டார். சாமியார் வெளியே வந்து, "பெரியம்மா, முட்டி வலின்னு சொல்லிட்டே இருக்கீங்களே, வாங்க, உங்களுக்கும் பூசி ஜெபிக்கிறேன்" என்றார்.

"அய்ய, எனக்கு வோணாம் சாமி. நான் நல்லாத்தான் கீறேன்," என்று அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

நாற்காலிக்காரர் வண்டியைத் திருப்பப் பார்த்தார். தம்பி அவர் தோளைப் பிடித்தான். "வந்தது வந்துட்டே. நாலு சேரு எறக்கு. எல்லாரும் உக்காந்து காபி குடிச்சிட்டுப் போவட்டும்." சாவுக்கு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் அன்று காபியும் போண்டாவும் கொடுத்தோம். தம்பி மனைவி ஒவ்வொரு டம்ளரையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அழுதுகொண்டு வந்தவர்களிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாயங்காலம்தான்.

ஆபரேஷன் நடந்தது. முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள். இல்லாத காலிலும் வலிக்கும், அரிக்கும், அது பொய்யில்லை, பயப்படாதே என்று நர்ஸ் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து, "அத்தை, இல்லாத கால்ல கட்டைவிரல் அரிக்குது" என்றாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நர்ஸ் வராந்தாக் கோடியிலிருந்து வார்டுக்கு வந்தார். கட்டிலில் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் போர்வையை விரலால் சொறிந்தார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் குழந்தை. கண்ணை மூடிக்கொண்டு சொறியக் கொடுத்தாள்.

ஊன்றுகோல்களோடு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அந்த வருடம் கோயிலில் குழந்தைகள் போட்ட கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதர். இறக்கைக்கு ஒட்டிய ஜிகினாத் தாளில் மிச்சத்தை ஊன்றுகோல்களுக்கும் சுற்றிக்கொண்டாள். மேடைக்குப் பின்னால் தம்பி சட்டைப் பையில் சிரிஞ்சோடு நின்றான். கோயில் மணி அடித்ததும் அவள் திரைச்சீலையை விலக்கி வாயைத் திறந்தாள், விட்டான், அவள் மேடைக்குப் போய் இடையர்களுக்கு நற்செய்தி சொன்னாள். அவளுடைய வசனம் இரண்டு வரிதான். அவள் தானாக இன்னும் நாலு வரி சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். பெரிய டாக்டர் எங்களைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்துப் பேசினார். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை. அந்தக் கோடி அறைக்குப் போங்கள் என்றார். வேறு குடும்பங்களுக்கு அந்த வராந்தா இப்படி ஒரு நாளில்தான் தொடங்கும். தெரியாத கதவு, தெரியாத முகங்கள், கையில் ஒரு சீட்டு. எங்களுக்கு அங்கே காது வைத்த முகங்கள் காத்திருந்தன. முதல் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தவளை நான் அன்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அந்த அறையில் குழந்தைதான் பெண் டாக்டரிடம் கேட்டாள். "இனிமே டிரிப்ஸ் ஏத்த மாட்டீங்களா?"

"இல்லம்மா. அது இனிமே உனக்கு உதவாது."

"எண்ணெ?"

"அது எப்பவும் உண்டு."

"அப்ப சரி," என்றாள்.

வீட்டில்தான் இருந்தாள். நர்ஸ் சில முறை ரயிலேறி மேனாம்பேட்டுக்கு வந்தார். மூச்சுக்கு வசதியாகத் தலையணைகளை எப்படி அடுக்குவது என்று காட்டினார். அளவைக் கூட்டிக் கொடுத்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் வந்து உட்கார்ந்தார். குழந்தை அவருக்குப் பேன் பார்த்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு பிற்பகல். மதிய சைரன் ஊதிக் கொஞ்ச நேரத்தில் தம்பி முதல் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டான். அவனுக்காக மனைவி சிரிஞ்சை அளந்து வைத்திருந்தாள். கை கழுவிக்கொண்டு அவனே விட்டான். குழந்தை விழுங்கிவிட்டு, "லேட்டு நைனா" என்றாள். அவன் மடியில் தலையை வைத்துத் தூங்கினாள். கோயில் மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. நான் அந்த முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த அட்டையில் இருந்த அழும் முகம் எதுவும் அதில் இல்லை. பிறகு ஒரு நாள் நான் அவளுடைய பள்ளிக்கூடப் பையை எடுத்துவைத்தபோது அதிலிருந்த பென்சில்களையும் பார்த்தேன். ஒன்றிலும் பல் படவில்லை.

நாற்காலிக்காரர் வந்தார். எத்தனை என்று கேட்கவில்லை. வண்டியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தானும் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அறையில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தம்பி புறப்பட்டான். நானும் அவன் மனைவியும் கூடப் போனோம். பாட்டிலில் கால்வாசிதான் மீதி இருந்தது. டாக்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

வராந்தா பெஞ்சில் ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். பேச்சில் ஆவடிப் பக்கம் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் தோளில் சின்னப் பெண் குழந்தை, தலையில் முடி இல்லை, முனகிக்கொண்டிருந்தது. புருஷன் ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையின் அடியில் வைத்துக்கொண்டிருந்தான். தம்பி நின்றுவிட்டான். அந்தச் சுற்றும் கையை அவனுக்குத் தெரியும்.

"குடுத்தியா?" என்று கேட்டான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் இல்லண்ணா. இப்பத்தான் ஆரம்பம்னு சொல்றாங்க. அவசரத்துக்கு கைல இருக்கட்டும்னு." பிறகு தயங்கி, "உங்க புள்ளைக்கும் இதே மருந்தா? இப்ப எப்டி கீது?"

தம்பி எங்களைப் பார்த்தான். அவன் பொய் சொல்வானோ என்று நான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"எறந்துட்டா. போன மாசம்."

அந்தப் பையன் கூடையின் மூடியை இறுக்கி மூடினான். அவன் மனைவி குழந்தையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"மருந்தால போவல," என்றான் தம்பி. "கட்டியால போனா. மருந்தால ஸ்கூலுக்குப் போனா. டிராமால நடிச்சா. என்னிய நாலு பேரு எதிர்ல கிண்டல் பண்ணா. நானும் உன்ன மாதிரி பீரோல வெச்சுப் பூட்டுனவன்தான். இவதான் எடுக்க வெச்சா." மனைவியைக் காட்டினான்.

அவள் ஏற்கெனவே அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பியும் அந்தப் பையனை ஒட்டி உட்கார்ந்தான். கூடையை வாங்கித் தன் மடியில் வைத்து மூடியைத் திறந்து, துண்டைப் பிரித்து, செய்தித்தாளையும் பிரித்துப் பாட்டிலை வெளியே எடுத்தான்.

"உங்க ஊட்டாண்ட எந்தக் கம்பெனி சைரன் கேக்கும்?"

அந்தப் பையன் மனைவியைப் பார்த்தான். அவனுடைய மனைவிதான் பதில் சொன்னாள்.

"காலைல ஒண்ணு கேக்கும்ணா. மத்தியானம் ஒண்ணு. ராத்திரி சைரன் காத்து எங்க பக்கம் அடிச்சாத்தான் கேக்கும்."

"அது போதும்," என்றான் தம்பி. "சிரிஞ்சு குடுத்தாங்களா? எடு."